பொது ஏரியல்

மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் மாட்டிக்கொண்டது.

“கொஞ்சம் சாய்ச்சிப் புடிங்கண்ணே. தலைப்பக்கம் நான் தூக்குறேன். அக்கா, நீங்க செவுத்தோரமா நில்லுங்க,” என்றான் பத்துமலை.

மங்களம் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பத்துமலை அவள் தம்பி. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போனதும் வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் பீடோரிலிருந்து ஓடி வந்தவன். கால்பக்கம் பிடித்திருந்த வேன் டிரைவர் மூச்சு வாங்கியபடி ஸ்ட்ரெச்சரைச் சாய்த்தார். வெள்ளைத் துணிக்குள் சன்னாசி ஒருபக்கமாகச் சரிந்தார். மங்களம் சட்டென்று கை நீட்டிக் கணவனின் தோளைத் தாங்கினாள். தோள் தோளாகத்தான் இருந்தது. சூடு மட்டும் இல்லை.

நேற்று இதே படியில் இறங்கும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டே, “வாயுதான் புள்ள, ஒரு ஊசி போட்டா சரியாப் போயிரும்” என்று சொன்ன மனிதர்.

“கட்டடத்துல ஆளே இல்லையா?” என்றார் டிரைவர். “ஒரு கை கூடப் புடிச்சா சுசா இல்லாம லேசா ஏத்தியிருக்கலாம்லா.”

“எல்லாம் வேலைக்குப் போயிருப்பாங்கண்ணே.”

வேலைக்குப் போகாதவர்களும் உள்ளே இருந்தார்கள். ஒரு சன்னலில் திரை அசைந்ததை மங்களம் பார்த்தாள். ஒரு கதவு ஓசையில்லாமல் சாத்திக்கொண்டதையும் பார்த்தாள்.

திருப்பத்தைத் தாண்டியதும் பத்துமலை நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டான். “அதுக்குத்தான்க்கா சொன்னேன், கீழயே கூடாரம் போட்டு வச்சிக்கலாம்னு. இன்னைக்கி ஏத்திட்டோம். நாளைக்கிச் சவப்பெட்டியோட எறக்கணும். அது சும்மா கனமில்ல. ஆறு பேராவது வேணும். நம்ம பக்கம் யாரு இருக்கா? நானு, நம்ம பையன் ஜெயபாலன். அப்புறம்?”

“அவரு வீடு மேல இருக்கு,” என்றாள் மங்களம். “கீழ எதுக்குக் கெடக்கணும்?”

அப்படிச் சொன்னாளே தவிர, ‘அப்புறம் யார்’ என்ற கேள்வி அவளோடு சேர்ந்து நான்காம் மாடிக்கு ஏறியது.

ஆள் வராமல் போவதற்குக் காரணம் இருந்தது. காரணம் கூரைமேல் நின்றது.

ஈப்போவில் அந்தக் கட்டடம் கட்டிய இடம் அப்படி. முதுகுக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்று ஒன்று மதில் மாதிரி எழுந்து நிற்கும். கிளேடாங் மலைக் கோபுரத்திலிருந்து வரும் டிவி படம் அந்தக் குன்றில் முட்டித் திரும்பி, ஒரு ஆளுக்கு மூன்று முகமாக வீட்டுக்குள் வந்து சேரும். செய்தி வாசிப்பவருக்கு எது வாய், எது நிழல் என்று தெரியாது. கூரையில் ஆளுக்கொரு கம்பம் நடவும் அனுமதி இல்லை. கலர் டிவி வந்த வருஷம், டெலிபோன் கம்பி இழுக்கும் வேலையில் இருந்த சன்னாசிதான் யோசனை சொன்னார். எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஏரியல். உயரமாக ஒரு கம்பம். அதிலிருந்து மேல்மாடியில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஒரு வயர். அங்கே பூஸ்டர் என்று ஒரு சின்னப் பெட்டி. வந்த படத்துக்கு வலுவேற்றிக் கட்டடம் முழுக்கப் பிரித்து அனுப்புவது அதுதான். படிக்கட்டுச் சுவரில் கறுப்பு வயர்களை ஆணியடித்து ஒவ்வொரு கதவுக்கும் கொண்டு சேர்த்தவரும் அவரே. முதல் நாள் படம் கண்ணாடி மாதிரி வந்தபோது சன்னாசியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

அந்த வருஷமே மின்னல் இறங்கியது. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் சீனத்துக் கிழவியின் புது டிவிப் பெட்டி கருகிப் புகைந்தது. ஆசோ என்று எல்லாரும் கூப்பிடும் அந்த அம்மாள், பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பிள்ளை செத்த மாதிரி அழுதாள். அதற்குப் பிறகு சன்னாசிக்கு வானத்தின்மேல் நம்பிக்கை போயிற்று. எங்கேயோ தூரத்தில் ஒரு உறுமல் கேட்டாலும் எழுந்துபோய்ப் பூஸ்டர் பிளக்கைப் பிடுங்கி, கம்பத்து வயரையும் கழற்றிவிடுவார். கட்டடம் முழுக்கச் சத்தம் அறுந்து திரையில் பொரி மட்டும் பொரியும். கீழிருந்து வசவு ஏறி வரும். ஈப்போவில் மழை இல்லாத சாயங்காலம் எத்தனை?

போன மாதம் அப்படித்தான். வாரத்தில் ஒரே ஒரு தமிழ்ப்படம். கதாநாயகன் தொலைந்துபோன தங்கையைக் கண்டுபிடிக்கப் போகிற நேரம். இடி உறுமியது. சன்னாசி எழுந்தார். அடுத்த நிமிஷம் இரண்டாம் மாடி சீனி, லாரி ஓட்டுகிறவன், சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு தடதடவென்று ஏறி வந்தான்.

“ரெண்டு தூறல் வுழுந்தா புடுங்கிருவியா? இது என்னா, ஒன் அப்பன் வூட்டு மலையிலேர்ந்து வருதா?”

“இடி நின்னதும் போட்டுர்றேன் சீனி.”

“அதுக்குள்ள படம் முடிஞ்சிருமேய்யா. யோவ், நீ செத்தாத்தான்யா இந்தக் கட்டடத்துல ஒரு படம் முழுசாப் பாக்க முடியும்.”

வராந்தாவில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சன்னாசி உள்ளே வந்து பூஸ்டர் முன்னால் உட்கார்ந்தார். மழை விட்டதும் பிளக்கைச் செருகினார். அப்போது செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சிரிப்புத்தான் மங்களத்தின் காதில் இருந்தது. இன்றைக்கும் படம் உண்டு. வானம் துடைத்து வைத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது.

அவரை நடுவீட்டில் கிடத்திக் கால் பெருவிரல்களைக் கட்டி முடித்தபோது, செமோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து ராக்காயி வந்து சேர்ந்தாள். சன்னாசிக்கு மூத்தவள். படியேறும்போதே ஆரம்பித்த அழுகையை வாசலில் நிறுத்தி, ஒரு பாட்டம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே வந்து தொடர்ந்தாள். தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதது உண்மையான அழுகை. ஆனால் அழுது முடித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“என்னா புள்ள மங்களம், சாமிப் படம் எல்லாம் தொறந்து கெடக்கு? ஒரு துணி எடு.”

“நீங்களே பாத்துச் செய்ங்க அண்ணி. எனக்கு ஒன்னும் ஓடல.”

ராக்காயி செய்தாள். சாமிப் படங்களை மூடினாள். கண்ணாடியைத் திருப்பினாள். டிவி மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தினாள். பெட்டிக்குப் பின்னால் குனிந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டே ஒதுக்கினாள். அடுப்படிக்குப் போய் அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். மங்களம் எதையும் கவனிக்கவில்லை. அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்திலிருந்து ராக்காயியோடு வந்த நாலைந்து பெண்களைத் தவிர வாசலில் நிழல் விழவில்லை.

லூமுட் கப்பல் தளத்தில் வேலை செய்யும் மகன் ஜெயபாலன், வெயில் சாய்ந்த பிறகு பஸ்ஸில் வந்து இறங்கினான். அப்பாவைப் பார்த்தான். அழவில்லை. அவர் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான்.

“கீழ யாரையாச்சும் பாத்தியா தம்பி?” என்று கேட்டாள் மங்களம்.

“சீனி அண்ணன் லாரிகிட்ட நின்னாரு.”

“என்னா சொன்னாரு?”

“ஒன்னும் சொல்லல. சிகரெட்டக் கீழ போட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.”

பத்துமலை வராந்தாவுக்குப் போய் வந்தான். “நாளைக்கி நாலு ஆளக் கூலிக்குக் கூப்புட்டுக்கலாம்க்கா. எனக்குத் தெரிஞ்ச பையனுங்க பசார்ல இருக்கானுங்க,” என்று தணிந்த குரலில் சொன்னான்.

மங்களம் நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனிதர் கைபட்ட வயர் நுழையாத வீடு இந்தக் கட்டடத்தில் இல்லை. அவரை இறக்க, பசாரில் மூட்டை தூக்குகிறவர்கள் வரவேண்டும்.

“இருட்டட்டும். பாப்போம்,” என்றாள்.

விளக்கு வைக்கிற நேரமாயிற்று. படம் ஆரம்பிக்கிற நேரம். மங்களம் உட்கார்ந்த இடத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டாள். வழக்கமாக இந்நேரம் ஒரே பாட்டு பல வாயிலிருந்து கிளம்பிப் படிக்கட்டுவழியாக ஏறி வரும். எப்போது ஆரம்பிக்கும், எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தாள்.

ஆரம்பிக்கவில்லை.

எழுந்து வராந்தாவுக்குப் போனாள். கீழே எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. ஏதோ ஒரு வீட்டில் தட்டுக் கழுவும் சத்தம். குழந்தை ஒன்று சிணுங்கி அடங்கியது. அவ்வளவுதான். ஒரு பாட்டில்லை, ஒரு வசனமில்லை. குன்றுக்குக் கீழே கட்டடம் முழுக்க வாயை மூடிக்கொண்டு நின்றது.

மங்களத்துக்குக் காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வராவிட்டால் போகட்டும். மேலே ஏறி வந்து முகம் காட்ட வெட்கமாக இருக்கும். ஆனால் படத்தை நிறுத்தியிருக்கிறார்கள். சீனி வீட்டில்கூட நிறுத்தியிருக்கிறார்கள்.

உள்ளே வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஜெயா, கேட்டியா? ஒரு வீட்டுலயும் டிவி போடல. இன்னைக்கிப் படம். யாரும் போடல. உங்கப்பாவுக்காக.”

ஜெயபாலன் அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். “ம்,” என்றான்.

“அவரு கேட்டிருந்தா நம்பியிருக்க மாட்டாரு.”

“ம்.”

அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, யாரோ ஏதோ சொல்வதைக் கேட்கிற மாதிரி. பாருங்க, என்று மனதுக்குள் சொன்னாள். நாளைக்கு ஆள் வரும் என்று முதல்முறையாக நம்பினாள்.

தலைமாட்டு விளக்கில் எண்ணெய் இறங்கிவிட்டது. எண்ணெய்ப் போத்தலை டிவிக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில்தான் வைப்பது. மங்களம் சேலையை ஒதுக்கிக் குனிந்தாள். போத்தலில் கை வைத்தவள் அப்படியே நின்றாள்.

பூஸ்டரில் எப்போதும் எரியும் சின்னச் சிவப்பு விளக்கு எரியவில்லை. பிளக் தரையில் கிடந்தது.

“அண்ணி,” என்றாள். மறுபடி கூப்பிட்டாள். “அண்ணி, இத யாரு புடுங்குனது?”

“அதுவா, நான்தான்,” என்றாள் ராக்காயி. “சாவு வூட்டுல என்னா அது, செவப்பாக் கண்ண முழிச்சிக்கிட்டு? தோட்டத்துல ஒரு சாவுன்னா லயத்து வீடு பூரா ரேடியோ நிப்பாட்டிருவோம். டவுனுக்கு வந்தா எல்லாம் மறந்துருமா?” சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மங்களம் பிளக்கைக் கையில் எடுத்தாள். அதில் சன்னாசி சுற்றியிருந்த கறுப்பு டேப் விரலில் பிசுபிசுத்தது. யாரும் நிறுத்தவில்லை. யாருக்கும் வரவில்லை. பிற்பகலிலிருந்து எல்லா வீட்டிலும் பொரிதான் ஓடியிருக்கும். நான்காம் மாடிக்கிழவன் செத்தும் படத்தைக் கெடுத்தான் என்று இந்நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

“வுட்டுருங்கம்மா.”

ஜெயபாலன் பின்னால் நின்றான். தோட்டத்துப் பெண்களுக்குக் கேட்காதபடி மெல்லப் பேசினான். “அப்படியே இருக்கட்டும்.”

“ஒனக்குத் தெரியுமா?”

“வந்தப்பவே பாத்தேன். வீட்டுக்குள்ள வந்தா மொதல்ல அந்த வெளக்கத்தானே பாப்போம்.”

“ஏன்டா சொல்லல?”

“நீங்க அவ்ளோ... எப்படிம்மா சொல்றது?”

மங்களம் சன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் இல்லை. குன்றின் தலையில் நட்சத்திரம் ஒன்று தெளிவாக இருந்தது.

“மழை இருக்கா?” என்றாள்.

“இல்ல.”

“இடி?”

“இல்லம்மா.”

“காரணமில்லாம அவரு ஒரு நாளும் புடுங்குனதில்ல. திட்டுனாங்க, சிரிச்சாங்க. ஆனா காரணமில்லாமப் புடுங்குனாருன்னு ஒருத்தன் சொல்ல முடியாது.” பிளக்கைத் துவாரத்துக்கு நேராகப் பிடித்தாள். “நாளைக்கி யாரும் வர வேணாம். கூலிக்கே ஆளு கூப்புடச் சொல்லு மாமன. இந்தப் பேரு மட்டும் அவருக்கு வேணாம்.”

செருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

கட்டடம் வெடித்தது. படம் வராமல் போனதும் ஆளாளுக்குச் சத்தக் குமிழைத் திருகிப் பார்த்திருக்கிறார்கள். எல்லாப் பெட்டியும் உச்சத்தில் நின்றிருந்தது. வயலினும் தபேலாவும் காதல் பாட்டும் படிக்கட்டுவழியாக ஒரே சமயத்தில் மேலே பாய்ந்து வந்து சன்னாசிமேல் விழுந்தன. தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி, பாதியில் நிறுத்தி வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

“அட பாவிங்களா,” என்றாள் ராக்காயி. “பொணம் கெடக்கு, பாட்டா கேக்குறானுங்க?”

“இருக்கட்டும் அண்ணி.”

மங்களம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். முதலில் ஒரு வீட்டில் சத்தம் இறங்கியது. பிறகு இன்னொரு வீட்டில். பாட்டின் மேல்பாகம் ஒவ்வொரு துண்டாக உதிர்ந்துகொண்டே வந்து, கடைசியில் இரண்டாம் மாடிப்பக்கம் ஒரே ஒரு பெட்டி மட்டும் பாடியது. சீனி வீடாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். பார்க்கட்டும். முழுதாகப் பார்க்கட்டும்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

முதலில் வந்தவள் ஆசோ. கையில் ஒரு பெரிய தெர்மாஸ். அதை மங்களத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, சன்னாசியைப் பார்த்துக் கைகளைக் கூப்பி மூன்று முறை ஆட்டினாள். “உங்க வீட்ல அடுப்பு இல்ல, தே குடி, குடி,” என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டே அழுதாள். அவளுக்குப் பின்னால் முதல் மாடிக்காரர்கள். அப்புறம் சீனியின் மனைவி பாப்பா. வந்ததும் மங்களத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மத்தியானமே வந்திருக்கணும்க்கா. ஸ்ட்ரெச்சரப் பாத்ததும் கையும் ஓடல காலும் ஓடல, கதவச் சாத்திக்கிட்டோம். சாயந்தரம் வரலாம்னு இருந்தப்ப டிவி போச்சு. எங்க வூட்டுக்காரரு அன்னைக்கிப் பேசுன பேச்சுக்குத்தான் நீங்க கோவத்துல புடுங்கிட்டீங்கன்னு கட்டடம் பூராப் பேச்சு. எந்த மொகத்த வச்சிக்கிட்டு ஏறி வாரது? இப்ப வந்திருச்சு. கூப்புடுறீங்கன்னு நெனச்சோம்.”

ராக்காயி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள். ஜெயபாலன் அம்மாவைப் பார்த்தான்.

மங்களம் பாப்பாவின் கையை விடவில்லை.

“சீனி எங்க?” என்று கேட்டாள்.

“வெளிய நிக்கிறாரு.”

சீனி வாசல் நிலைக்கு வெளியே நின்றான். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். பத்துமலை போய் அவன் தோளைத் தொட்டதும் உள்ளே வந்தான். சன்னாசியின் காலடியில் நின்று பார்த்தவன், பேசுவதற்கு வேறு விஷயம் கிடைத்த மாதிரி பத்துமலையிடம் திரும்பினான்.

“நாளைக்கிப் பெட்டி மூணாம் மாடித் திருப்பத்துல படுத்த மாதிரித் திரும்பாதுண்ணே. நிமித்தித்தான் எறக்கணும். பீரோ எறக்குற மாதிரி...” சட்டென்று நிறுத்தினான்.

“நிமித்துனா என் தம்பி உள்ளுக்குள்ள சரிஞ்சிற மாட்டானா?” என்றாள் ராக்காயி.

“சரியாதும்மா. கால்பக்கம் கீழ நான் நின்னு தாங்கிக்கிறேன். எல்லா மாடியிலயும் ஆளு நிப்போம். கை மாத்திக் கை மாத்தி எறக்கிரலாம்.” மங்களத்தின் பக்கம் பார்க்காமலே, “அக்கா, அன்னைக்கி நான்...” என்று ஆரம்பித்தான்.

“ஒக்காரு சீனி,” என்றாள் மங்களம். “நின்னுக்கிட்டே இருக்காத.”

அவன் சன்னாசியின் தலைப்பக்கம் இடம் பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

“வீட்டுல டிவி ஓடுது போல,” என்றான் பத்துமலை, ஏதாவது பேச வேண்டுமே என்று.

“புள்ளைங்க பாக்குது. போயி நிப்பாட்டிட்டு வாரேன்.”

“வேணாம்,” என்றாள் மங்களம். “ஓடட்டும்.”

ஆசோ பேப்பர்க் கப்பில் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். கீழே படம் ஓடியது. யாரோ யாரையோ துரத்தினார்கள். ஒரு தாய் மன்னிப்புக் கேட்டாள். கதவு உடைந்தது. அறையில் இருந்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை என்பது மாதிரி உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் கேட்டார்கள். சீனி தலையைக் குனிந்தபடி இருந்தான். அவன் கையிலிருந்த தேநீர் ஆறி மேலே ஏடு படிந்தது. கடைசியில் வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஒலித்து ஓய்ந்தன. படம் முடிந்தது. கீழே ஒரு பிள்ளை ஓடிப்போய்ப் பெட்டியை அணைத்தது.

மாலையிலிருந்த மல்லிகையிலிருந்து எறும்பு ஒன்று இறங்கி, சன்னாசியின் நெற்றியில் திருநீற்றின்மேல் வழி தெரியாமல் ஊர்ந்தது. சீனி பக்கத்துச் செம்பில் விரல் நுனியை நனைத்து, நசுக்கிவிடாமல், அதை மெதுவாக ஒற்றி எடுத்தான். பிறகு அந்த விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.